காய் பிடித்த ஷால்

மாங்கோட்டுவிளையில் நூல் பூ காய்த்தது பெரிய மழைக்கு முந்தின வருஷம் என்று ஒருத்தர் சொன்னால், இல்லவே இல்லை பிந்தின வருஷம் என்று இன்னொருத்தர் குறுக்கே விழுவார், இரண்டு பேரும் டீ ஆறி ஆடை படிகிறவரை அடித்துக்கொள்வார்கள், ஆனால் நூலில் போட்ட பூ எப்படி அய்யா காய்க்கும் என்று மட்டும் ஒருத்தரும் கேட்கமாட்டார்கள், ஏனென்றால் பூ என்று ஒன்று இருந்து தேனீ என்று ஒன்று வந்தால் காய் பிடிக்கத்தானே செய்யும், இதில் கேட்க என்ன கிடக்கிறது. கேட்டது எப்சிபா ஒருத்திதான். அவளும் ஆச்சரியப்பட்டுக் கேட்கவில்லை, வயிறு எரிந்து கேட்டாள்.

அவளுடைய அக்கா ரெஞ்சிதத்துக்கு அந்த வருஷம் அக்கி வந்தது. இடது கழுத்தில் கிளம்பி, தோளைச் சுற்றி, மேல்கை வரைக்கும் கொப்புளம் கொப்புளமாக இறங்கி, செம்மண் எழுதி, டாக்டர் மருந்து எழுதி, இரண்டுக்கும் கட்டுப்பட்டோ இல்லை அதுவாகவே அலுத்துப்போயோ அக்கி ஒருவழியாகப் போய்த் தொலைந்தது. எரிச்சல் மட்டும் போகவில்லை. தோல் பார்க்கச் சுத்தமாக இருந்தது, தொட்டால்தான் உயிர் போனது. ஜாக்கெட்டில் இடது தோளை வெட்டி எடுத்துவிட்டார்கள், முந்தானையை வலது பக்கம் மாற்றிப் போட்டார்கள், அந்தத் தோள் திறந்தபடியே கிடந்தது. நரம்பு கோபித்துக்கொண்டிருக்கிறது, போகப்போக இறங்கும் என்றார் டாக்டர். எப்போது இறங்கும் என்று எப்சிபா கேட்டதற்கு அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

இறங்குகிறவரை காத்திருக்க வழியில்லை. ரெஞ்சிதத்தின் ஒரே மகன் ஷிஜினுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, அறுப்பின் பண்டிகை முடிந்த திங்கட்கிழமை வேதக்கோயிலில் வைத்துத் தாலிகட்டு என்று ஆராதனையில் ஓலை வாசித்து அறிவித்தாகிவிட்டது. தகப்பன் இல்லாத பிள்ளை. அம்மாவும் வராவிட்டால் மாப்பிள்ளை வீட்டு முன்பெஞ்சு வெறிச்சென்று கிடக்கும். வெறும் தோளோடு ரெஞ்சிதம் கோயிலுக்குள் கால் வைக்கமாட்டாள், வெட்டிப் போட்டாலும் வைக்கமாட்டாள். மெல்லிசு மல் துணியை மேலே போட்டுப் பார்த்தார்கள், தீக்குச்சியை உரசியது போலிருக்கிறது என்று பிடுங்கி எறிந்தாள். பட்டு போட்டார்கள். ஷிஜின் எங்கெங்கோ தேடி ஊதினால் பறக்கிற ஒரு துணியை வாங்கி வந்தான், அதையும் எறிந்தாள். எறிந்துவிட்டு அழுதாள்.

எப்சிபா கல்யாணம் கட்டாமல் அக்காவோடேயே இருந்துவிட்டவள். கையில் எந்நேரமும் குரோஷா ஊசி இருக்கும், வாயில் எந்நேரமும் ஒரு திட்டு இருக்கும். ஒருநாள் அக்காவுக்குக் கஞ்சி கொடுக்கக் குனிந்தபோது, மேஜைவிரிப்புக்காகப் போட்டு மடியில் வைத்திருந்த ஒற்றை நூல் பூ நழுவி நேரே அந்தத் தோளில் போய் விழுந்தது. செத்தோம் என்று எப்சிபா கண்ணை மூடிக்கொண்டாள்.

"எரியுதா எக்கா?"

"எரியத்தான் செய்யுது" என்றாள் ரெஞ்சிதம். கொஞ்சம் யோசித்தாள். "ஆனா பொறுத்துக்கிடலாம்ட்டி."

அவ்வளவு போதும் எப்சிபாவுக்கு. துணி என்றால் தோலை முழுக்க உரசும், பூ என்றால் அங்கே ஒரு புள்ளி இங்கே ஒரு புள்ளி தொட்டும் தொடாமலும் உட்காரும், ஆகவே பூவையே பூவோடு கோர்த்து ஒரு ஷால் போட்டுவிடுவது என்று அன்றைக்கே தீர்மானித்தாள். கடையில் இருந்ததிலேயே மெல்லிய நூலை எடுத்தாள், வீட்டில் இருந்ததிலேயே பருமனான ஊசியை எடுத்தாள், அப்படிப் போட்டால்தான் கண்ணி தளர்ந்து நிற்கும். மாங்கோட்டுவிளைப் பெண்களுக்கு லேஸ் என்றால் இறுக்கம், தண்ணீர் ஊற்றினால் ஒழுகக்கூடாது என்கிற மாதிரி இறுக்கம், அப்படிப் பழகிய கையைத் தளர்த்துவதற்குள் எப்சிபாவுக்கு விரல் சுளுக்கிக்கொண்டது. நடுவில் சின்ன வளையம், வளையத்தைச் சுற்றி ஆறு இதழ், ஒரு பூவின் கடைசி இதழை அடுத்த பூவின் இதழ் நுனியில் கொக்கி போட்டு மாட்டிவிட்டால் அதுவும் இதுவும் ஒன்று. வெளிச்சத்துக்காக வராந்தாவில் உட்கார்ந்து போட்டாள், முதல் வரிசை முடிந்தது, கையில் தூக்கிப் பார்த்தாள், கனமே இல்லை. எப்சிபா சிரித்ததை அன்றைக்குப் பார்த்தவர்கள் உண்டு.

மறுநாள் காலை வெயில் ஏறினதும் தேனீ வந்தது.

பக்கத்து ரப்பர் தோட்டத்தில் தாசையன் தேன்பெட்டி வைத்திருந்தார். அவருடைய தேனீக்கள் வேலியைத் தாண்டி, செம்பருத்தியைத் தாண்டி, முருங்கைப் பூவை ஒரு பொருட்டாக மதிக்காமல், நேரே வராந்தாக் கொடியில் கிடந்த ஷாலில் வந்து ஒவ்வொரு பூவாக இறங்கி ஏறின. எப்சிபா விசிறியால் அடித்து விரட்டினாள். சாயங்காலம் பார்த்தால் ஒவ்வொரு பூவின் நடுவளையமும் கொஞ்சம் வீங்கியிருந்தது, அதற்கு மறுநாள் சுண்டைக்காய் அளவு, அதற்கும் மறுநாள் நெல்லிக்காய் அளவு, பச்சைப் பசேல் என்று, நூலாலேயே ஆன காய், தொட்டால் கெட்டியாக, தூக்கினால் கனமாக. ஷால் கொடியிலிருந்து தரைவரை தொங்கிவிட்டது.

"சவத்த!" என்றாள் எப்சிபா.

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு காயைப் பிடித்து வெடுக்கென்று பிய்த்தாள். காயும் பூவும் ஒரே நூல் அல்லவா, காயோடு சேர்ந்து இதழ் ஆறும் சரசரவென்று பிரிந்து, பூ இருந்த இடத்தில் ஓட்டை விழுந்தது. சரி, கத்தரித்துப் பார்ப்போம் என்று அடுத்ததைக் கத்தரித்தாள். அதுவும் பிரிந்தது. காயை விட்டால் கனக்கும், காயை எடுத்தால் பூ போகும், இதற்கு என்னதான் செய்வது என்று ஊசியைத் தரையில் எறிந்தாள், பிறகு குனிந்து அவளே எடுத்தாள், வேறு யார் எடுப்பார்கள்.

ஊர் வந்து பார்த்தது. பார்த்து, "காய் நல்லாப் புடிச்சிருக்கே" என்றது. அதற்குமேல் ஊருக்கு ஒரு திகைப்பும் இல்லை. யோசனைதான் இருந்தது, வண்டி வண்டியாக யோசனை. கொடியின் கொழுந்தைக் கிள்ளிவிட்டால் காய் பெருக்கும் என்று ஒருத்தி சொன்னாள், வேப்பம்புண்ணாக்கு வை என்று ஒருத்தி சொன்னாள், கண் படும், பழைய செருப்பு ஒன்று கட்டித் தொங்கவிடு என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தர் குரல் கொடுத்தார். எப்சிபா பிய்த்தெறிந்த காயைப் பொறுக்கிக்கொண்டு போய் ஒருத்தி அவியலில் போட்டாள், தேங்காய் அரைத்துவிட்டும் அது வேகவில்லை, பல்லில் சிக்கியது, அப்படித்தான் அது கறிக்கு ஆகாது என்று ஊருக்குத் தெரிந்தது. சிக்கினதை இழுத்தபோது நூல் வந்தது. இழுக்க இழுக்க வந்தது. கடை நூலைவிட மெலிசாக, இழுத்தால் அறாமல், சந்தன நிறத்தில் ஒரு மினுக்கத்தோடு, நெல்லிக்காய் அளவுக் காய் ஒன்றுக்குள் இருந்து ஒரு முழு நூல்கண்டு வந்தது.

அதோடு போச்சு எப்சிபாவின் நிம்மதி.

தையல்காரர் வந்தார், காய் இருக்கா என்றார். வலை பின்னுகிறவர்கள் கடற்கரையிலிருந்து வந்து முற்றத்தில் நின்றார்கள். பூக்கட்டுகிறவள் வந்தாள், இந்த நூலில் பிச்சிப்பூ கட்டினால் வாடுவதேயில்லை என்று கன்னத்தில் கைவைத்துச் சொன்னாள். ஊரிலுள்ள மற்ற பெண்களும் வீட்டுக்கு வீடு பூ போட்டு முற்றத்தில் காயப்போட்டார்கள், இறுக்கிப் பிடித்து, தண்ணீர் ஒழுகாத அதே இறுக்கத்தில் போட்டார்கள், தேனீ அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தோட்டக்கலை ஆபீசிலிருந்து ஒருத்தர் வந்து, இது நூல், எங்களுக்குச் சேராது என்றார். கைத்தறி ஆபீசிலிருந்து ஒருத்தர் வந்து, இது காய், எங்களுக்குச் சேராது என்றார். போகும்போது இரண்டு பேரும் ஆளுக்கு நாலு காய் கேட்டு வாங்கிப் போனார்கள்.

எப்சிபா இதற்கிடையில் புதிது புதிதாக ஷால் தொடங்கிக்கொண்டே இருந்தாள். கொசுவலைக்குள் உட்கார்ந்து போட்டாள், தேனீ வலையில் ஓட்டை தேடிக் கண்டுபிடித்தது. குளிமுறியில் கதவைச் சாத்திக்கொண்டு போட்டாள், ஓட்டு இடுக்கு வழியாக வந்தது. பூவை வேப்பெண்ணெயில் முக்கினாள், நாற்றம் தாங்காமல் ரெஞ்சிதம்தான் கத்தினாள். கஞ்சிப்பசை போட்டு விறைப்பாக்கினாள், அது தோளில் குத்தியது. ஒவ்வொரு ஷாலும் அரைவாசி வளர்வதற்குள் காய் பிடித்துவிடும், பிடித்ததை அவள் பிய்ப்பாள், பூ பிரியும், அவள் திட்டுவாள், வாசலில் காய்க்குக் காத்து நிற்கிறவர்கள் "ஏன்ட்டி திட்டுத, கர்த்தர் குடுக்காரு" என்பார்கள்.

"எனக்குக் காய் வேண்டாம்! பூ போதும்! பூ பூவாவே கெடந்தா இந்த ஊருக்கு எங்கே வலிக்குது?" என்று அவள் கத்தினது மூன்று வீட்டுக்குக் கேட்டது. மூன்று வீட்டிலிருந்தும் காய் கேட்டுத்தான் ஆள் வந்தது.

கடைசியில் தாசையன் வீட்டுக்கே போனாள்.

"அண்ணே, கல்யாணம் முடியிற வரைக்கும் தேன்பெட்டிய வேற எங்கயாவது கொண்டு வையிங்க."

தாசையன் நல்ல மனுஷன், ஆனால் அந்த வருஷம் அவருடைய தேனில் என்றுமில்லாத ஒரு வாசனை, புதுத்துணி வாசனை, வந்து சேர்ந்திருந்தது, ஊரே அதைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தது.

"கொண்டு வைக்கலாம் தங்கச்சி. கொண்டுபோற எடத்துலேருந்து அது திரும்ப ஒன் பூவத் தேடித்தான் வரும். ஈக்கு நான் என்னத்தச் சொல்லிப் புரியவைக்க?" என்றார். "அக்காவுக்கு எப்பிடி இருக்கு?"

"எப்பிடி இருக்கும்? ஒம்ம ஈயும் ஊரும் சேந்து அவளக் கல்யாணத்துக்கு அனுப்பாம ஆக்கப் போறியோ" என்று சொல்லிவிட்டு, அவர் நீட்டின தேன்குப்பியை வாங்காமல் வந்துவிட்டாள். பாதி வழியில் அழுகை வந்தது, வேலியோரம் நின்று மூக்கைச் சிந்திவிட்டு நடந்தாள்.

அடுத்து வந்தது பெண்கள் சங்கம். சங்கத் தலைவி டெய்சிபாய் டீச்சர் எட்டுப் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து, ஒரு சின்ன ஜெபம் பண்ணிவிட்டு விஷயத்துக்கு வந்தார். அறுப்பின் பண்டிகைக்கு எல்லாரும் முதல் காயை, முதல் குலையைக் கோயிலுக்குக் கொண்டுவந்து ஏலம் விடுகிறார்கள், வாழைக்குலை வருகிறது, சேனை வருகிறது, சேவல்கூட வருகிறது, நூல்காய் மட்டும் வராமல் இருந்தால் எப்படி. எப்சிபா காயைப் பிஞ்சிலேயே பிய்த்துப்போடுவது ஊருக்கே மனக்கஷ்டமாக இருக்கிறது. ஒரு ஷாலை, ஒரே ஒரு ஷாலை, முற்ற விட்டுத் தரவேண்டும்.

"டீச்சர், இது எங்க அக்காவுக்குப் போடுதது. இன்னும் ஒண்ணுகூட அவ தோள்ல ஏறல."

"அக்காவுக்கு வேற துணி பாக்கலாம்மா. அக்கா பேரு சொல்லி ஜெபம் பண்ணாத நாளே இல்ல."

வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை வரும் என்று தெரிந்ததால் எப்சிபா எழுந்து உள்ளே போய்விட்டாள். கையில் அப்போதைய ஷால் இருந்தது. எப்படியோ அதை மட்டும் முழுசாக, இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை கோர்த்து முடித்திருந்தாள். நடுவளையம் எல்லாம் வீங்கித்தான் இருந்தன, ஆனாலும் சுண்டைக்காய்தானே, இந்த அளவாவது தாங்குகிறாளா பார்ப்போம் என்று ஒரு நப்பாசை. ரெஞ்சிதம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எப்சிபா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஷாலை மெதுவாகத் தோளில் இறக்கினாள்.

ரெஞ்சிதம் போட்ட அலறலில் வராந்தாவில் டீச்சர் எழுந்து நின்றுவிட்டார்.

"எடுட்டி! எடு! எடுத்துத் தொலை!" என்று ரெஞ்சிதம் கையால் தள்ளினாள், தள்ளினதில் காயெல்லாம் தோளில் உருண்டு இன்னும் எரிந்தது. எப்சிபா பதறிப்போய்த் தூக்கினாள். ரெஞ்சிதத்தின் முகமெல்லாம் வேர்த்துவிட்டது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"போதும்ட்டி" என்றாள். "நான் வரல. நீ போயி என் எடத்துல நில்லு. அவனுக்கு நீயும் அம்மைதான்."

"அப்பிடிச் சொல்லாதக்கா."

"வேற எப்பிடிச் சொல்ல? தெனமும் நீ ஒண்ணு கொண்டாந்து போடுத, தெனமும் நான் ஒரு சாவு சாவுதேன். எனக்கு ஏலாது. என்னய விடு."

எப்சிபா வெளியே வந்தாள். ஷாலைச் சுருட்டி டெய்சிபாய் டீச்சர் மடியில் எறிந்தாள். "கொண்டு போங்க. முத்த விடுங்க, ஏலம் விடுங்க, ஊறுகா போடுங்க. இனி நான் ஊசியத் தொட்டா என் கைய ஒடிங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். ஊசியைக் கிணற்றில் போட்டாள். அது விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை, அதற்கும் ஒரு எரிச்சல்.

ஊர் அந்த ஷாலைக் கோயில் வளாகத்தில் பாவக்காய்ப் பந்தல் மாதிரி ஒரு பந்தல் போட்டு அதில் விரித்தது. காலையில் தண்ணீர் தெளித்தார்கள், அணில் வராமல் முறைவைத்துக் காவல் இருந்தார்கள், ஆராதனை முடிந்து வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, தடவிப் பார்க்காமல், விரல் நீட்டிச் சுட்டாமல், பயபக்தியோடு போனார்கள். காய் நெல்லியாகி, எலுமிச்சையாகி, பச்சை வெளுத்து, மஞ்சளேறி, பண்டிகை வருவதற்குள் ஒவ்வொன்றும் பழுத்த கமுகம்பழம் போல் நின்றது. எப்சிபா அந்தப் பக்கமே போகவில்லை. கோயிலுக்குப் போனால் பின்வாசல் வழியாகப் போய்ப் பின்வாசல் வழியாக வந்தாள். வீட்டில் அக்காவும் தங்கையும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள், ஷிஜின் வந்து சாப்பாட்டுப் பந்தி, மேளம், மோதிரம் என்று எதையாவது கேட்டால் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்க்காமல் பதில் சொன்னார்கள். அம்மா என்ன சேலை கட்டப் போகிறாள் என்று அவன் கேட்கவில்லை. அவனுக்கும் தெரிந்துவிட்டது போல.

பண்டிகையன்று பழத்தைப் பிய்க்க வேண்டிய வேலையே இருக்கவில்லை. டீச்சர் முதல் பழத்தைத் தொட்டார், அது தானாகக் கழன்று கையில் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. அப்புறம் தொடுவதற்குமுன்னே பொலபொலவென்று விழ ஆரம்பித்து, பெண்கள் முந்தானை ஏந்தினார்கள், ஆண்கள் வேட்டியை விரித்தார்கள், ஏலம் போட்ட சத்தம் மாங்கோட்டுவிளையைத் தாண்டிப் பெரிய ரோடுவரை கேட்டது. வலைக்காரர்கள் பாதியைக் கொண்டுபோனார்கள், தையல்காரர் சண்டை போட்டுக் கொஞ்சம் வாங்கினார். எல்லாரும் பழத்தோடு வீட்டுக்குப் போனார்கள். பழம் போன கொடியை யார் பார்ப்பார்கள், அது பந்தலிலேயே கிடந்தது.

திங்கட்கிழமை விடிந்ததும் எப்சிபாதான் கோயில் முற்றத்தைப் பெருக்கப் போனாள், மாப்பிள்ளை வீட்டார் பெருக்குவதுதான் அங்கே வழக்கம். விளக்குமாற்றைப் போட்டுப் பெருக்கிக்கொண்டே பந்தலடிக்கு வந்தாள். காய்ந்த ஷாலைப் பிடுங்கிக் குப்பையோடு எரித்துவிடலாம் என்று கையை உயர்த்தினவள், அப்படியே நின்றாள். ஒரு பூகூடப் பிரிந்திருக்கவில்லை. காய் தானாகக் கழன்ற இடத்தில் நூல் தானாகவே முடிச்சு விழுந்திருந்தது. நூலில் இருந்த சாரத்தையெல்லாம் பழம் உறிஞ்சிக்கொண்டு போய்விட்டதால், ஆறு ஆறு இதழும் பல்லிகூடத் தங்கமுடியாத மெல்லிசில், வெயில் வந்தால் தெரியாமல் நிழல் விழுந்தால் மட்டும் தெரிகிற மாதிரி, பந்தல் முழுக்க விரிந்து கிடந்தன. தேனீ ஒன்று வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று முருங்கைக்குப் போய்விட்டது.

எப்சிபா சந்தோஷப்படவில்லை. சந்தோஷப்பட்டு ஏமாந்து ஏமாந்து அவளுக்கு அலுத்துவிட்டது. பிஞ்சுபிஞ்சாகப் பிய்த்துப் போட்ட அத்தனை ஷாலும் ஞாபகத்துக்கு வந்து தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றியது. விளக்குமாற்றை அங்கேயே போட்டுவிட்டு, ஷாலை இரண்டு கையிலும் ஏந்தி, மூச்சு படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வழியில் தாசையன் "என்ன தங்கச்சி, கையில ஒண்ணுமில்லாம இப்பிடி ஏந்திட்டுப் போற?" என்றார். அவள் நிற்காமல் நடந்தாள்.

ரெஞ்சிதம் வலது பக்கம் முந்தானை போட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பட்டுச்சேலைதான் கட்டியிருந்தாள், வராதவள் எதற்குக் கட்டினாள் என்று எப்சிபா கேட்கவில்லை. வெளியே கார் வந்து நின்றது, ஷிஜின் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிற நிழல் தெரிந்தது.

"எக்கா, கடைசியா ஒரு தடவை" என்றாள் எப்சிபா. "ஒரே தடவை. எரிஞ்சா நானே கொண்டுபோயி அடுப்புல போடுதேன்."

ரெஞ்சிதம் அவளைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள், வாசலில் இருந்த நிழலைப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டாள். இரண்டு கையாலும் கட்டில் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடினாள், மூடின கண்ணின் ஓரத்தில் முன்கூட்டியே தண்ணீர் வந்துவிட்டது. எப்சிபா குனிந்தாள், கழுத்திலிருந்து தோள், தோளிலிருந்து மேல்கை என்று இழுத்துவிட்டாள், நுனியைச் சரிசெய்தாள், ஒரு அடி பின்னால் போய் நின்று பார்த்தாள். தோள் முழுக்கப் பூ.

ரெஞ்சிதம் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. கட்டில் விளிம்பைப் பிடித்த விரல் வெளுத்துப்போயிருந்தது.

"என்னட்டி பாத்துக்கிட்டு நிக்க" என்றாள் பல்லிடுக்கில். "போடுத எளவ சீக்கிரம் போடு, பையன் வெளிய நிக்கான்."